பாப்பா வீட்டுச் சோறு

தேக்கா சந்தையில் புளிச்சக்கீரை எல்லா நாளும் கிடைக்காது. 2011இல் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு கட்டு கிடைத்தது, ஈசூன் வீட்டுக்கு வாங்கி வந்தேன். அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “பருப்புப் போட்டுக் கடையச் சொல்லு” என்றார். சமையலறையில் கட்டைப் பிரித்த பாப்பா அப்படியே நின்றுவிட்டாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். “அமா! சின் பௌங்!” என்றாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் குரல் அத்தனை உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனபோது பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். மியன்மார்ப் பெண், வயது 24. அவளுடைய பெயர் அம்மாவின் நாக்குக்குப் பிடிபடவில்லை. “பாப்பா” என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. அவள் அம்மாவை “அமே” என்பாள், என்னை “அமா” என்பாள். இரண்டும் ‘அம்மா’தான், வாயில் சரியாக வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். பர்மிய மொழியில் அமே என்றால் தாய். அமா என்றால் அக்கா. அவள் எங்களை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் முறை வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்றைக்குக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, கூனி இறால் போடலாமா என்று சைகையில் கேட்டாள். சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அம்மா சொன்னபடி துவரம்பருப்புப் போட்டுக் கடைந்தாள். எல்லாமே இப்படித்தான் நடந்தது. அம்மா நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல, ஆறு வருடத்தில் எங்கள் வீட்டுச் சமையல் முழுக்க அவள் கைக்குப் போய்விட்டது. புளிக்குழம்பு, வற்றல் குழம்பு, அம்மா சின்ன வயதில் இளையான்குடிப் பக்கத்து ஊரில் சாப்பிட்ட கொள்ளு ரசம் வரைக்கும். எனக்கு வராத பதம் அவளுக்கு வந்தது. அம்மா கடைசி வருடத்தில் விழுங்கவே சிரமப்பட்டபோது, ரச சோற்றைக் குழைத்து அவள் ஊட்டினால் மட்டும் நான்கு வாய் உள்ளே போகும்.

இவள் தன் வீட்டில் என்ன சாப்பிட்டு வளர்ந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமில்லை. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனின்சுலா பிளாசாவிலிருந்து ஒரு சின்ன டப்பா வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்தாள். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் போனவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியும். நம் ஆட்களுக்குத் தேக்கா மாதிரி, பர்மியர்களுக்கு அது. ஞாயிற்றுக்கிழமை போனால் மாடி மாடியாகப் பர்மியக் கடைகள்: லுங்கி, வெற்றிலை, மளிகை, ஊருக்குப் பணம் அனுப்பும் இடங்கள். அவள் வாங்கி வந்தது ஙபி, மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்து அரைத்த விழுது. மூடியைத் திறந்தவுடன் வீடு முழுக்க வாசம். அம்மாவுக்குக் குமட்டியது. “வெளியே போட்டுவிடு, இனிமேல் வாங்கி வராதே” என்று சொன்னது நான்தான். அவள் ஒன்றும் பேசாமல் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சாப்பிட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்த நாட்களும் உண்டு. அப்போது யாரும் யாரையும் எதையும் போடச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் குக்கரைத் திறந்தவுடன், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், ஒரு கரண்டி சோற்றை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைப்பாள். அம்மாவுக்கு அதைப் பார்த்து அவ்வளவு பூரிப்பு. “பார்த்தியா, காக்காய்க்கு எடுத்து வைக்கிறா. நான் சொல்லித் தரவே இல்லை” என்பார். பத்தாவது மாடியில் காக்காய்க்கு எங்கே சோறு வைப்பது? அந்தக் கிண்ணம் அப்படியே அடுப்புப் பக்கத்தில் இருக்கும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் அவளே அதைத் தட்டில் கவிழ்த்துச் சாப்பிட்டுவிடுவாள்.

2017இல் அம்மா போனார். மறு வருடம் மார்ச்சில் பாப்பா ஊருக்குப் போனாள், திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அமா, என் வீட்டுக்கு வந்து சாப்பிடணும்” என்றாள், அம்மா பேசுகிற தமிழில். அந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிளம்பிவிட்டேன். நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறவள். நீண்ட விடுப்பு அப்போதுதான் கிடைக்கும்.

யங்கோனுக்கு மூன்று மணி நேர விமானப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். அங்கிருந்து இரவுப் பேருந்தில், நாட்டின் நடுவே உள்ள ஞாங்-ஊ என்ற ஊர். விடிவதற்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நல்ல குளிர். வெளிநாட்டவர் உள்ளூர்க்காரர் வீடுகளில் இரவு தங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் ஞாங்-ஊவில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். தினமும் காலையில் பாப்பாவின் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போவான், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவான். ஐந்து நாள் இப்படி.

போபா மலைக்குப் போகிற பக்கம் அவர்கள் ஊர். முதல் நாள் அந்தச் சாலையில் போகும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு பக்கமும் பனை. நம் பனைதான், தென்னையும் இல்லை, ஈச்சையும் இல்லை. சிவந்த மணல், முள்வேலி, புளியமரம், ஆடுகள், நிலக்கடலை பிடுங்கிய கொல்லை. பர்மா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மழை, நெல், தேக்கு. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைத் தொட்டு “பர்மாத் தேக்கு” என்று அப்பத்தா சொல்லிக் கேட்டதுதான். நாட்டின் நடுவில் இப்படி ஒரு வறண்ட பூமி இருப்பது தெரியாது. கடலிலிருந்து வருகிற மழைமேகத்தை மேற்கே உள்ள ராக்கைன் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது, இந்தப் பக்கம் மிச்சம்தான் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நம் சீமைக்குச் செய்கிற அதே வேலை. நெல் கொஞ்சம்தான். எள், கடலை, துவரை, கொள்ளு, இவைதான் பயிர். வானம் பார்த்த பூமி. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதுகொண்டு போனது அந்தப் பையனுக்குத் தெரியாது.

ஊர் எல்லையில் மரத்தடியில் சின்னக் கூரை, அதன் கீழே மூன்று மண்பானை, மேலே தட்டு மூடி, ஒரு குவளை. போகிறவர் வருகிறவர் குடிக்க. ஊர்க்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் நிரப்புகிறார்களாம். தண்ணீர்ப் பந்தலேதான். தம்பி வண்டியை நிறுத்தி ஒரு குவளை எடுத்துக் கொடுத்தான். பானைத் தண்ணீருக்கே உள்ள மண்வாசம்.

வீட்டு வாசலில் பாப்பாவின் அம்மா நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, கன்னத்தில் வட்டமாகத் தனகா என்ற மரப்பட்டைப் பூச்சு, வாயில் வெற்றிலை. முதல் வார்த்தை, “தமின் சா பீ பீ லா?” பாப்பா சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. தமின் என்றால் சோறு, சா என்றால் சாப்பிடுவது. சாப்பிட்டாச்சா. நான் அவரை “அமே” என்றேன். அவர் என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார்.

மரத்தூண் மேல் நிற்கிற வீடு, மூங்கில் தட்டிச் சுவர். முன்கூடத்தில் புத்தர் மாடம். ஒரு தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்கியது. அது வீட்டைக் காக்கிற மகாகிரி என்ற நாட் தெய்வத்துக்கு உரியது, அவர் இருப்பது அந்தப் போபா மலையில். குலதெய்வம் என்று சொன்னேன், பாப்பா தலையாட்டினாள். அந்தச் சொல் அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். பிறகு மேலே கையைக் காட்டினாள். “இந்தக் கூரை உங்க வீட்டுக் காசு. அந்த ரெண்டு மாடும்.” துத்தநாகத் தகடு புதிதாக மின்னியது. மாடுகள் புளியமரத்தடியில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. உழுகிற மாடு என்பதால் அந்த வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதே இல்லையாம், அக்கம்பக்கத்திலும் பல வீடுகளில் அப்படித்தான். ஒரு நாள் முழுக்க அந்தக் கூரையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது, இரவு மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது, எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது.

அடுப்படி வீட்டுக்குப் பின்னால் தனிக் குடிசை. காய்ந்த துவரை மார்தான் விறகு. சடசடவென்று பற்றும், சீக்கிரம் அணையும், ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் அமே எனக்காகச் சின் பௌங் வதக்கினார். சிங்கப்பூரில் நடந்த கீரைக் கதையைப் பாப்பா முன்பே சொல்லியிருக்கிறாள்.

அதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். நம் புளிச்சக்கீரையேதான், சிவப்புத் தண்டு வகை. இலையை மட்டும் ஆய்ந்து, கழுவி, நீரை உதறி வைத்தார். வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் அம்மியில் இல்லை, மர உரலில் போட்டு இடித்தார். வாணலியில் கடலை எண்ணெய், நாம் விடுவதுபோல் மூன்று மடங்கு. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, பிறகு இடித்தது. அதற்குமேல் மசாலா எதுவும் கிடையாது. மல்லி இல்லை, சீரகம் இல்லை, கடுகு தாளிப்பு இல்லை. எனக்குக் கை பரபரத்தது. அமே அவசரப்படவே இல்லை. முதலில் விழுது எண்ணெயைக் குடித்துவிடும். கிண்டிக்கொண்டே இருந்தால், வெங்காயத்தின் ஈரமெல்லாம் போன பிறகு, குடித்த எண்ணெயை ஓரத்தில் கக்கும். அதற்குப் பர்மிய மொழியில் ‘ஸீ ப்யான்’ என்கிறார்கள். எண்ணெய் திரும்பி வருவது என்று பொருள். அது வரும்வரை அடுத்த பொருள் போடக் கூடாது. அவர்கள் குழம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. எண்ணெய் திரும்பியது. கூனியைப் போட்டுப் பிரட்டினார், பச்சை மிளகாயை முழுதாகப் போட்டார், கடைசியில் கீரை. ஒரு குவியல் கீரை இரண்டு நிமிடத்தில் கைப்பிடியாகச் சுருங்கியது. பச்சை நிறம் போய்ப் பழுப்பாக, எண்ணெயில் மினுங்கிக்கொண்டு நின்றது.

அவர்கள் காலைச் சாப்பாடே பத்து மணிக்கு முன்பு முடிந்துவிடுகிறது. அடுத்த சோறு மாலை ஐந்து மணிக்கு. தரையில் பாய், நடுவில் வட்டமான குட்டை மேசை. கீரை, பருப்பு ரசம் போன்ற ஒரு தண்ணீர்க் குழம்பு, கோழி, ஙபிக் கரைசல், அதைச் சுற்றிப் பச்சையாகவும் அவித்தும் காய்களும் இலைகளும், எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வருகின்றன. முதலில் இது, அப்புறம் இது என்ற வரிசை கிடையாது. கையால்தான் சாப்பிடுகிறார்கள். நான் கரண்டி கேட்பேனோ என்று அமே பயந்திருக்கிறார். நான் சோற்றைப் பிசைந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏதோ சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்குமுன் ஒன்று நடந்தது. சோற்றுப்பானையைத் திறந்தவுடன் பாப்பா ஒரு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். அதே கை, அதே அளவு. நான் கேட்டேன், இங்கே காக்காய்க்கு எங்கே வைப்பாய் என்று. அவளுக்குப் புரியவில்லை. காக்காய்க்கு எதற்கு? அப்பாவுக்கு, என்றாள். அவளுடைய அப்பா அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இறந்துவிட்டார். பெரியவர்களுக்கு முதலில் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். அவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் முதல் கரண்டிச் சோற்றை அவர்களுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். “சிங்கப்பூர்ல அப்பாவுக்கும் அமேக்கும் சேர்த்து வைப்பேன்” என்றாள்.

ஆறு வருடம், எங்கள் குக்கரில் வெந்த முதல் சோறு இந்த வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அம்மா அதை முன்னோருக்கு என்று நினைத்தார். அதில் அம்மாவும் தப்பில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் சாப்பிட முடியவில்லை. அமே எழுந்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்துவிட்டு, விசிறியை எடுத்து வீசினார். பாப்பா வழக்கம்போல் நின்றுகொண்டு பரிமாறினாள். அமே அவள் லுங்கியைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். நானும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஙபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் சோற்றில் அதுதான் நடுநாயகம். தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, சுட்ட மிளகாய், பூண்டு, தக்காளி நசுக்கிப் போட்டு வைக்கிறார்கள். வெண்டைக்காய், கத்தரிப் பிஞ்சு, வேப்பந்தளிர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். கறி இல்லாத நாள் இருக்கும், ஙபி இல்லாத நாள் இருக்காது. பாப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “வேணாம் அமா, அங்கே தள்ளி வைக்கிறேன்” என்றாள். நான் ஒரு வெண்டைக்காயை எடுத்து நன்றாகத் தோய்த்துச் சாப்பிட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் அடியில் கிடக்கிற மண்டி எப்படி இருக்குமோ அப்படி. இன்னும் ஆழமாக. இதையா நான் குப்பையில் போடச் சொன்னேன் என்று நினைத்தேன். அவளிடம் அப்போதே அதைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள், “அமேக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான்” என்று என் அம்மாவின் பெயரில் அதை முடித்துவைத்துவிட்டாள்.

அகரவரிசை அட்டையில் ‘ங’ வரும்போது பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்கூட இருக்காது. அந்த எழுத்தில் தொடங்குகிற சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லை. பர்மிய மொழியில் ‘ங’ என்றால் மீன். ஓரெழுத்து ஒருமொழி! இதை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன். இப்போது என் வகுப்பில் ‘ங’ வந்தால் மீன் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் கொள்ளு. பாப்பாவின் பெரியம்மா வீட்டில் போன்யேஜி காய்ச்சுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கே பேர்போன பொருள் அது. பெரிய அண்டாவில் கொள்ளைப் போட்டு இரவு முழுக்க வேகவிட்டு, நீரை வடித்தெடுத்து, சில நாள் புளிக்க வைத்து, உப்புப் போட்டு மறுபடி காய்ச்சுகிறார்கள். குறுகிக் குறுகிக் கடைசியில் தார் மாதிரி கறுப்பு விழுதாக வருகிறது. வெந்த கொள்ளு மாட்டுக்கு. எங்கள் அப்பத்தா வீட்டிலும் கொள்ளு வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு மாட்டுக்கு. நாம் ரசத்தோடு நின்றோம், இவர்கள் காய்ச்சிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

ஒரு கரண்டி விழுதில் நறுக்கிய பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், வறுத்த எள், மேலே கடலை எண்ணெய் நிறைய. கையாலேயே பிசறிக் கொடுத்தார் பெரியம்மா. சூடான சோறு. உப்பும் புளிப்பும் கரித்தன்மையும் சேர்ந்து, கொள்ளின் வாசம் கடைசியில்தான் மூக்குக்கு வந்தது. அம்மா இருந்திருந்தால் இதற்கு இரண்டு தட்டுச் சோறு கேட்டிருப்பார். அன்று ஊற்றிய எண்ணெய் பக்கத்துத் தெருவில் மாடு சுற்றுகிற செக்கில் ஆட்டியது. செக்கடியில் நின்று பிண்ணாக்கில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டேன். பிறகு பனங்கருப்பட்டியும் வெறும் தேநீரும் வந்தன. அங்கே சாப்பாடு முடிந்தால் இதுதான். கருப்பட்டியை உருண்டையாகப் பிடித்துக் கூடையில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு தேநீர் குடிப்பது. எங்கள் தாத்தா கோப்பி குடித்ததும் இப்படித்தான்.

பகானுக்கு ஒரு பிற்பகல் மட்டும் போனேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள், எல்லாம் பார்க்க எனக்கு மனம் இல்லை. நாத்லாங் சௌங் என்ற விஷ்ணு கோயிலுக்கு மட்டும் போய்விட்டு வந்தேன். பகான் பகுதியில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்ற இந்த ஊரில் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. கோயில் வாசலில் நின்றபோது, அந்த மனிதர் இந்த ஊரில் என்ன சாப்பிட்டிருப்பார் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. கொள்ளும் எள்ளும் பனையும் பார்த்து அவருக்கும் ஊர் நினைப்பு வந்திருக்கும்.

மூன்றாம் நாள் மாலை ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். நடுவில் அரக்குப் பூச்சுப் பெட்டி, உள்ளே அறை அறையாகப் பிரித்தது. நடு அறையில் லபெட், அதாவது புளிக்க வைத்த தேயிலை. ஷான் மலைகளில் விளைந்த கொழுந்தை ஆவியில் வேகவைத்து, அமுக்கி, மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். சுற்றி உள்ள அறைகளில் பொரித்த பூண்டு, வறுத்த கடலை, எள், பொரித்த பருப்பு, கூனி. மூன்று விரலால் லபெட் கொஞ்சம், மற்றதில் கொஞ்சம் எடுத்து வாயில் போட வேண்டும். முதலில் கசப்பு, பிறகு மொறுமொறுப்பு, கடைசியில் தூக்கம் ஓடிப்போகும். பழத்தில் மா, இறைச்சியில் பன்றி, இலையில் லபெட் என்று அவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. அந்தக் காலத்தில் பகை தீர்ந்ததற்கு அடையாளமாக லபெட் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். எங்களுக்கு வெற்றிலைபாக்கு போல, என்றேன். பாப்பா அதை மொழிபெயர்த்தாள்.

அன்று வந்த பெண்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் தாய்லாந்தில், மலேசியாவில், சிங்கப்பூரில். ஓர் அம்மா தன் மகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இவள் சிங்கப்பூரில் இருக்கிறாள், பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இரண்டாவது கேள்வி, “அங்கே அவளுக்கு நன்றாகச் சோறு போடுவார்களா?” நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள், நன்றாகப் போடுவார்கள் என்று. எனக்கு லபெட்டின் கசப்பு அப்படியே நாக்கில் நின்றது.

நான்காம் நாள் அமே ஒரே பிடிவாதம், ‘அங்கே நீ சமைத்ததைச் சமை’ என்று. பாப்பா ரசம் வைத்தாள். அவர்கள் மரத்துப் புளி, தோட்டத்துத் தக்காளி. பெருங்காயமும் சீரகமும் நான் கொண்டுபோயிருந்தேன், மிளகு அங்கேயே கிடைத்தது. துவரை மார் அடுப்பில், மண்சட்டியில் ரசம் நுரை கட்டியபோது அம்மா அடுக்களையில் நிற்பது மாதிரி இருந்தது. அமே இரண்டு கிண்ணம் குடித்தார். பாப்பாவின் அக்கா மகன், ஏழு வயதுப் பையன், மூன்று கிண்ணம். அமே என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். உன் அம்மாதான் என் மகளுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார், இங்கே இருக்கும்போது இவளுக்குச் சோறுகூட வடிக்கத் தெரியாது, என்று பொருள். எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு பர்மிய கிராமத்தில் இப்படி ஒரு பேச்சு நடந்ததை நான் இன்னும் பத்து வருடம் கழித்தும் நினைத்துக்கொள்வேன்.

அது 2018. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதற்கப்புறம் நான் போகவில்லை. பல நாள் தொடர்பு கிடைக்காது. கிடைத்தால், என்ன நடக்கிறது என்று நான் கேட்பேன், அவள் என்ன சமைத்தாள் என்று சொல்வாள். 2025 மார்ச் 28இல் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் குரல் கேட்டது. வீடு நிற்கிறது, கூரை நிற்கிறது, அடுப்படியில் இரண்டு மண்பானை உடைந்துவிட்டது என்றாள்.

என் குளிர்பெட்டியில் இப்போது ஙபி இருக்கிறது. போன்யேஜியும் ஒரு பொட்டலம் இருக்கிறது. குக்கரைத் திறந்தால் முதல் கரண்டியை எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பெனின்சுலா பிளாசாவில் சின் பௌங் வாங்கி வந்து, காணொளி அழைப்பில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வதக்கினேன். அமேக்கு இப்போது கண் மங்கல். கைப்பேசியை வாணலிக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார், பாப்பா தமிழில் சொன்னாள்: “எண்ணெய் இன்னும் திரும்பலை. கீரையைப் போடாதே, கிண்டுங்கிறாங்க.”